கம்பெனிக் காப்பீடு முடிந்த மறுநாளிலிருந்து

2022 ஜூன் 30 அன்று, ஓசூர் சிப்காட்டில் நான் முப்பத்தோராண்டுகள் வேலை பார்த்த தொழிற்சாலையில் கடைசி ஷிப்டை முடித்துக்கொண்டு, மாலையும் சால்வையுமாகக் காவேரிப்பட்டணத்துக்கு வந்து சேர்ந்தேன். பி.எஃப். பணம், கிராஜுவிட்டி, மகனின் வீட்டுக் கடனில் என் பங்கு என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்த நான், அன்று நள்ளிரவோடு கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீட்டிலிருந்து நானும் என் மனைவியும் வெளியே வந்துவிட்டோம் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பல ஆண்டுகளாகச் சட்டைப் பையில் கிடந்த அந்த அட்டை என் சொத்து என்றே மனம் பழகிப்போயிருந்தது. அது வேலையோடு ஒட்டிய வசதி. வேலை போனால் அதுவும் போகும்.

குழுக் காப்பீட்டிலிருந்து வெளியேறும் ஒருவர் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள விண்ணப்பிக்கலாம் என்றும், அப்படி மாறும்போது குழுக் காப்பீட்டில் கழித்த ஆண்டுகள், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராமல் நிறுத்தி வைக்கும் காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்படும் என்றும் விதி இருக்கிறது. எனக்கு இது தெரிய வந்தபோது ஐந்து மாதங்கள் ஓடிவிட்டிருந்தன. அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகிறவர் யாராவது இதைப் படித்தால், கடைசி நாளுக்கு முன்பே மனிதவளப் பிரிவுக்குப் போய் இந்த மாற்றத்தைப் பற்றிக் கேட்டு, விண்ணப்பத்தைக் கையோடு வாங்கிவிடுங்கள். எங்கள் இருவருக்கும் சர்க்கரை நோய் இருக்கிறது. அந்த ஒரு விண்ணப்பத்தைத் தவறவிட்டதால் எங்களுடைய காத்திருப்புக் காலம் முதல் நாளிலிருந்து தொடங்கியது.

என் உறவு வட்டத்துக்குள்ளேயே ஓய்வுக்காலக் காப்பீட்டின் எல்லா வகைகளும் இருக்கின்றன. எந்தக் காப்பீடு நல்லது என்று யாராவது கேட்டால், ஒரே பதிலைச் சொல்ல முடியாமல் போவதற்கு அதுவே காரணம்.

என் அண்ணன் பாலக்கோட்டில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழக அரசின் ஓய்வூதியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அவரும் அண்ணியும் இருக்கிறார்கள். 2022 ஜூலை 1 அன்று நான்காண்டுக் காலத்துக்கென்று தொடங்கிய அந்தத் திட்டத்தில், பென்ஷனிலிருந்து மாதம் 497 ரூபாய் பிடித்தம் என்று வைத்தார்கள். முன்பே இருக்கும் நோய்க்குக் காத்திருப்பு கிடையாது, வயது வரம்பு கிடையாது, மருத்துவப் பரிசோதனை கிடையாது. இந்த விலைக்கு இப்படி ஒரு பாதுகாப்பை எந்தத் தனியார் நிறுவனமும் தராது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனால் அண்ணன் நெடுநாள் ஒரு விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார். “வருஷத்துக்கு அஞ்சு லட்சம் இருக்குது தம்பி, எனக்கு எதுக்குத் தனியா இன்னொண்ணு?” என்பார். அந்த 5 லட்சம் ஓராண்டுக்கானது இல்லை. நான்காண்டுக் காலம் முழுவதற்கும், கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து. குறிப்பிட்ட சில பெரிய சிகிச்சைகளுக்கு மட்டும் அது 10 லட்சம் வரை நீளும். முதலாண்டில் இதயத்துக்கு ஒரு ஸ்டென்ட், இரண்டாமாண்டில் ஒரு முழங்கால் அறுவை என்று வந்துவிட்டால், மீதி இரண்டாண்டுக்குக் கையில் எவ்வளவு நிற்கும் என்பதை இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு காலம் முடிந்து புதிய காலம் தொடங்கும்போதும் தொகையும் பிடித்தமும் மாறியே வந்திருக்கின்றன. இதற்கு முந்தைய காலத்தில் 4 லட்சமும் 350 ரூபாயுமாக இருந்தது. ஆகவே, புதிய காலம் தொடங்கும்போது அரசாணையை வாங்கிப் படிப்பதை ஓய்வூதியர்கள் வழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் அவசரத்துக்குச் சேர நேர்ந்தால், செலவைத் திரும்பப் பெறக் கருவூலம் வழியாக மனுக் கொடுக்கலாம் என்பதும், அது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் முன் வைக்கப்படும் என்பதும் பலருக்குத் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சுருக்கம், அசல் பில்கள், அவசரச் சிகிச்சைதான் என்பதற்கான மருத்துவர் சான்று மூன்றையும் அன்றே வாங்கிவிட வேண்டும். பிறகு போய்க் கேட்டால் அலைச்சல்தான் மிஞ்சும்.

ஊத்தங்கரையில் இருக்கும் என் மைத்துனர் ராணுவத்தில் இருந்து வந்தவர். 2003 ஏப்ரலில் தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸில் ஒரே ஒருமுறை பங்களிப்பைக் கட்டியிருக்கிறார். ஆண்டுதோறும் பிரீமியம் கிடையாது. அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் காட்டி, அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவசரம் என்றால் நேரே மருத்துவமனைக்குப் போய்விட்டு, 48 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். மாத்திரைகள்கூட அங்கேயே கிடைப்பதால், வேறு எந்தப் பாலிசியும் வாங்க வேண்டாம் என்று நானே அவருக்குச் சொன்னேன். அந்தச் சொல்லில் எனக்கு இன்றும் உறுதி இருக்கிறது.

எங்களோடு மெஷின் ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு எனக்கு ஓராண்டு முன்னால் ஓய்வு பெற்ற நண்பரின் கதை வேறு. கடைசி வரை அவருடைய சம்பளம், தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் வரம்பான மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தது. குறைந்தது ஐந்தாண்டு இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்ற தொழிலாளி, ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் அவர் துணைவருக்கும் மருத்துவ வசதி தொடரும். நூற்றிருபது ரூபாய். ஓசூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களில் எத்தனையோ பேர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது என்னை உண்மையிலேயே வருத்துகிறது. பணிச் சான்றை வாங்கி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுக்க ஒருநாள் ஒதுக்கினால் போதும். நான் சூப்பர்வைசராகி வரம்பைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் எனக்கு அந்த வாசல் அடைபட்டிருந்தது.

பென்னாகரம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் என் மனைவியின் தங்கைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்ட இதில், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. இது ஏழைகளுக்கான அட்டை என்று நினைத்து, தனியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். பி.எஃப். ஓய்வூதியமாக மாதம் இரண்டாயிரமோ மூவாயிரமோ மட்டும் வருகிற, வேறு வருமானம் இல்லாத தம்பதி அந்த வரம்புக்குள் தாராளமாக வருவார்கள். தயங்காமல் விண்ணப்பிக்க வேண்டும். இவை தவிர, 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் என்று ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபரில் விரிவாக்கியிருக்கிறது. அந்த வயதை எட்டியவர்கள் அதே காப்பீட்டு மையத்தில் விசாரிக்கலாம். இ.சி.எச்.எஸ். போன்ற மத்திய அரசுத் திட்டத்தில் ஏற்கெனவே இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கும்.

நான் இவை எதிலும் அடங்காதவன். வீட்டு வாடகை வருகிறது, வருமான வரம்பைத் தாண்டுகிறேன். தனியார் பாலிசி ஒன்றுதான் வழி. 2022 டிசம்பரில், தெரிந்த முகவர் ஒருவர் காட்டிய முதல் பாலிசியில் கையெழுத்துப் போட்டேன். 3 லட்சம் ரூபாய்க்கு ஃபேமிலி ஃப்ளோட்டர். அதாவது, அந்த 3 லட்சத்தை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பிரீமியம் குறைவாக இருந்தது. அறை வாடகை வரம்பு, ஏற்கப்பட்ட பில்லில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டிய கோ-பேமெண்ட் என்று இரண்டு வரிகள் உள்ளே இருந்ததை அன்று நான் பார்த்தேன். அவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை.

ஒரு நல்ல காரியத்தை அன்று செய்தேன். சர்க்கரை இருப்பதை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம் என்று முகவர் சொன்னபோது, எழுதியே தீருவேன் என்று நின்றேன். பாலிசி தொடர்ச்சியாக 60 மாதங்கள் நிறைந்த பிறகு, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, எதையோ மறைத்தீர்கள் என்று சொல்லி, சிகிச்சைப் பணம் கேட்கும் கோரிக்கையை மறுக்க முடியாது என்று இப்போது விதி இருக்கிறது. ஆனால் அந்த 60 மாதங்களுக்குள் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால், மறைத்த சர்க்கரைதான் முதலில் வெளியே வரும். எந்த மருத்துவரும் கேஸ் ஷீட்டில் எழுதும் முதல் வரி அதுவே.

2024 செப்டம்பரில் பெங்களூருவில் மகன் வீட்டில் இருந்தபோது எனக்குக் குடல்வால் அழற்சி வந்தது. இரவோடு இரவாக அருகிலிருந்த மருத்துவமனையில் சேர்த்து அறுவை சிகிச்சை செய்தார்கள். நாளொன்றுக்கு 6,000 ரூபாய் வாடகையில் ஒரு தனியறை. அப்பா வசதியாக இருக்கட்டும் என்று மகன் எடுத்தது. ஐந்து நாள் இருந்தேன். டிஸ்சார்ஜ் அன்று அவன் கையில் கொடுத்த தாள்களில் மொத்தம் 1,84,000 ரூபாய் என்று இருந்தது. 3 லட்சம் பாலிசிக்குள் அடங்கும் தொகைதானே என்று நிம்மதியாக இருந்தோம். காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது 89,600 ரூபாய். மீதி 94,400 ரூபாயை நாங்கள் கட்டினோம்.

அந்தக் கழிவு எப்படி நடந்தது என்பதை ஊருக்கு வந்த பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் கோடு போட்டுக் கண்டுபிடித்தேன். பாலிசியில் அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம். அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். நாங்கள் எடுத்தது 6,000 ரூபாய் அறை. ஐந்து நாள் வாடகை 30,000 ரூபாயில் 15,000 மட்டும் ஏற்கப்பட்டது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தகுதிக்கு மேல் அறை எடுத்தால், அந்த அறையோடு தொடர்புடைய மருத்துவர் கட்டணம், அறுவை அரங்குக் கட்டணம், செவிலியர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் குறைக்கப்படும். அவை 90,000 ரூபாய். பாதியாகி 45,000 ஆனது. மருந்து, பரிசோதனைகள் 52,000 ரூபாய். இவற்றில் விகிதக் கழிவு செய்யக்கூடாது என்பதால் முழுதாக ஏற்றார்கள். கையுறை, பதிவுக் கட்டணம் போன்றவை 12,000 ரூபாய், அதற்கு ஒன்றுமில்லை. ஆக ஏற்கப்பட்டது 1,12,000 ரூபாய். அதில் 20 சதவீதம் கோ-பேமெண்ட், 22,400 ரூபாய், என் தலையில். மிச்சம் 89,600.

அதே மருத்துவமனையில், மற்ற கட்டணங்கள் மாறாமல், 3,000 ரூபாய் அறையில் படுத்திருந்தால் எங்கள் கைக்காசு 43,400 ரூபாயோடு நின்றிருக்கும். வாடகையில் கூடுதலாகப் போனது 15,000 ரூபாய். அந்த அறையால் எங்களுக்கு ஏற்பட்ட கூடுதல் செலவு 51,000 ரூபாய். இந்தக் கணக்கை மகனுக்குக் காட்டியபோது அவன் நெடுநேரம் பேசவில்லை. அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. பாலிசியை வாங்கியவன் நான், அதைப் படித்து அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியவனும் நான். டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருந்தும், எங்களுக்குக் காலை பத்து மணிக்குத் தொடங்கியது இரவு ஏழு மணிக்குத்தான் முடிந்தது. அந்தத் தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால், அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு பாலிசிகளை நான் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையே மாறிவிட்டது. முன்பு காப்பீட்டுத் தொகையையும் பிரீமியத்தையும் வைத்துத்தான் பார்த்தேன். இப்போது, எங்களுக்கு உடம்புக்கு வந்தால் எங்கே போவோம் என்பதை முதலில் எழுதிக்கொள்கிறேன். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களின் பாதை அநேகமாக ஒன்றுதான். முதலில் தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இல்லையென்றால் ஊரில் உள்ள தனியார் நர்சிங் ஹோம். பெரிய நோய் என்றால் சேலம், வேலூர், பெங்களூரு. அந்தந்த ஊரில் எந்த மருத்துவமனையில் கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரே பணம் கொடுப்பது) உண்டு, அங்கே சாதாரண ஒற்றையறை வாடகை எவ்வளவு என்பதைப் போனில் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே பாலிசியைத் திறக்க வேண்டும். எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இன்னொன்றும் முக்கியம். சில பாலிசிகளில் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்து, சிறிய ஊரில் இருப்பவருக்குக் குறைந்த பிரீமியம் வாங்குகிறார்கள். அவர் பெருநகரத்தில் சிகிச்சை எடுத்தால் பில்லில் ஒரு பங்கை அவரே ஏற்க வேண்டும். கிருஷ்ணகிரி முகவரிக்குக் குறைந்த பிரீமியம் கட்டி, பெங்களூருவில் படுப்பவருக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

2024 டிசம்பரில் புதுப்பிக்கும் நாளுக்கு 45 நாள் முன்பாகவே வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பித்தேன். முதல் நிறுவனம் சர்க்கரையைக் காரணம் காட்டி மறுத்தது. இரண்டாவது நிறுவனம் கூடுதல் பிரீமியத்தோடு ஏற்றது. ஃப்ளோட்டரை விட்டுவிட்டு, இருவருக்கும் தனித்தனியாக 5 லட்சம் பாலிசி எடுத்தேன். அறை வாடகை வரம்பு இல்லை, கோ-பேமெண்டும் இல்லை. இளம் தம்பதிக்கு ஃப்ளோட்டர் சரி. அறுபதைத் தொட்ட, இருவருக்கும் நோய் இருக்கிற வீட்டில், ஒருவருடைய ஒரே சிகிச்சை மற்றவரின் பாதுகாப்பையும் சேர்த்துத் தின்றுவிடும் என்பது என் எண்ணம். இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 54,000 ரூபாய் ஆகிறது. எங்களுக்கு அது சிறிய தொகை இல்லை. வாடகை வருமானத்தில் பெரும் பங்கு அதற்கே போகிறது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது ஆறுதல். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் ஆணையத்தைக் கலந்தே செய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் வந்த உத்தரவும் ஆறுதல். பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவருக்கு, மூத்த குடிமகன் என்றால், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்காக 50,000 ரூபாய் வரை வரிக் கழிவு உண்டு.

அதற்கு மேல் சூப்பர் டாப்-அப். அண்ணனுக்கும் நான் வற்புறுத்தி வாங்கச் சொன்னது இதைத்தான். டாப்-அப், சூப்பர் டாப்-அப் என்று இரண்டு பெயர்கள் இருப்பதால் பலரும் குழம்புகிறார்கள். 5 லட்சத்துக்கு மேல் ஆகும் செலவை ஏற்கும் பாலிசி என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் ஒருமுறை 4 லட்சம், இன்னொரு முறை 3 லட்சம் செலவாகிறது. வெறும் டாப்-அப் என்றால், எந்த ஒரு முறையும் 5 லட்சத்தைத் தாண்டாததால் ஒரு ரூபாயும் வராது. சூப்பர் டாப்-அப் ஆண்டின் மொத்தச் செலவான 7 லட்சத்தைப் பார்த்து, மேலே உள்ள 2 லட்சத்தைக் கொடுக்கும். அந்த முதல் 5 லட்சத்தை அரசுத் திட்டத்திலிருந்து கட்டினாலும் கைக்காசிலிருந்து கட்டினாலும் செல்லும். ஆகவே அரசு ஓய்வூதியருக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியவில்லை. ஒரு நெருடல் உண்டு: சூப்பர் டாப்-அப்பின் கணக்கு ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கும், அண்ணனின் அரசுக் காப்பீடு நான்காண்டுக்கு ஒருமுறைதான் நிரம்பும். இடையில் அது தீர்ந்துவிட்டால் முதல் 5 லட்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும். அதற்கென்று அண்ணன் வங்கியில் ஒரு வைப்புத் தொகையைத் தொடாமல் வைத்திருக்கிறார். நாளுக்கு இவ்வளவு என்று தரும் ஹாஸ்பிடல் கேஷ் பாலிசிகளும், குறிப்பிட்ட நோய் வந்தால் மொத்தத் தொகை தரும் பாலிசிகளும் இருக்கின்றன. முதலில் எடுக்க வேண்டியவற்றை எடுத்த பிறகு பணம் மிஞ்சினால் பார்க்கலாம்.

மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குச் சாதாரணப் பாலிசிகளில் பணம் வராது. அதற்காகப் புறநோயாளி வசதி சேர்ந்த விலை உயர்ந்த பாலிசிக்குப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சூளகிரி ஒன்றியத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். என் மனைவி அதில்தான் வாங்குகிறார். அளவும் குறையவில்லை, தரமும் குறையவில்லை.

கோரிக்கையை அநியாயமாகக் கழித்தார்கள் என்று தோன்றினால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. என் விஷயத்தில் விதிப்படியே கழித்திருந்தார்கள் என்பதால் நான் போகவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் நடக்கும் பேச்சு மனைவியின் வலது முழங்காலைப் பற்றியது. அவர் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். பற்களில் புளோரைடு கறை இன்றும் இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முந்தைய தலைமுறையில் மூட்டு வலி இல்லாத வீட்டை அந்தப் பக்கத்தில் காண்பது அரிது. மூட்டு மாற்று அறுவை வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நிறுவனம் மாறினாலும் பழைய ஆண்டுகள் கழிக்கப்படுவதால், முன்பே இருந்த நோய்க்கான 36 மாதக் காத்திருப்பு 2025 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் பழைய பாலிசியின் தொகையான 3 லட்சம் வரைக்கும்தான். புதிதாகக் கூட்டிய 2 லட்சத்துக்கு 2027 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். சேலத்தில் இரண்டு மருத்துவமனைகளில் மதிப்பீடு வாங்கினோம். ஒன்றில் 2,60,000 ரூபாய், மற்றதில் 3,40,000 ரூபாய். முதலாவதில் கேஷ்லெஸ் உண்டு என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையிலும் கேட்டேன், நிறுவனத்துக்கும் போன் செய்து உறுதி செய்துகொண்டேன். மாங்காய் அறுவடை முடிந்து தங்கை துணைக்கு வந்து இருக்க முடிகிற ஆடி மாதத்தில், அங்கேயே செய்துகொள்ளலாம் என்று மனைவி சொல்லியிருக்கிறார்.